நினைவில் ஓடும் ரயிலை மேசையில் ஓட்டுவது எப்படி? மாடல் ரயில் கேள்வி பதில்

மாடல் ரயில் லேஅவுட் 'நிஜம் போல' தெரிய என்ன செய்யலாம் என்று நண்பர்கள் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும் இங்கே. ஸ்கேல் தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லா அளவுகளும் எச்ஓ, அதாவது 1:87.

கேள்வி: சார், எஞ்சின் அச்சு அசலாக இருக்கிறது. பெட்டிகளும் அப்படித்தான். ஆனால் ஓட விட்டால் பொம்மை ரயிலாகவே தெரிகிறது. எங்கே இடிக்கிறது?

பதில்: பெரும்பாலும் வேகத்தில்தான். தண்டவாளத்தின் ஓரமாக ஒரு மீட்டர் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் முகப்பு அதைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 313-ஐ அந்த நொடிகளால் வகுத்தால், நிஜ ரயில் மணிக்கு எத்தனை கிலோமீட்டரில் ஓடுவதற்குச் சமம் என்று கிடைத்துவிடும். 4 நொடி என்றால் 78 கி.மீ. ஒன்றரை நொடி என்றால் 200-ஐத் தாண்டிவிட்டீர்கள். நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில் அப்படி ஓடினால் எந்தக் கண்ணும் நம்பாது. 1:160 ஸ்கேல்காரர்கள் 313-க்குப் பதில் 576 போட்டுக்கொள்ளுங்கள், ஓஓ (1:76) என்றால் 274.

யார்டுக்குள் 15 கி.மீ. வேகத்தில் நுழையும் ரயில் ஒரு மீட்டரைக் கடக்க 21 நொடி ஆக வேண்டும். முதல் தடவை பார்க்கும்போது மிக மெதுவாகத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும், பிறகு பழைய வேகத்துக்குத் திரும்ப மனசு வராது.

டிசிசி (எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சின்ன சர்க்யூட்டுக்குத் தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) இருந்தால், சிவி எனப்படும் டிகோடர் அமைப்பு எண்களில் சிவி 5-ல் உச்ச வேகத்தை 80 அல்லது 100 கி.மீ.க்கு இறக்குங்கள். நடு வேகத்துக்கான சிவி 6, சிவி 5-ன் பாதியைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். வேகம் ஏறுவதற்கான சிவி 3, இறங்குவதற்கான சிவி 4 இரண்டிலும் 20 போட்டுப் பாருங்கள். அந்த எண்ணை 0.9-ஆல் பெருக்கினால், நின்ற நிலையிலிருந்து உச்ச வேகத்தை எட்ட ஆகும் நொடிகள் தோராயமாக வரும், இங்கே 18. உச்ச வேகம் 80 என்றால் அந்த 18 நொடியில் ரயில் 2.3 மீட்டர் ஓடியிருக்கும். நிற்பதற்கும் அதே தூரம் வேண்டும். பிளாட்பாரத்துக்கு முன்னால் அவ்வளவு தண்டவாளம் இல்லையென்றால் எண்ணைக் குறையுங்கள், இல்லாவிட்டால் ரயில் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும்.

கேள்வி: வேகத்தைக் குறைத்ததும் எஞ்சின் திக்கித் திக்கிப் போகிறதே, அண்ணா. பாயின்ட் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) மேல் அப்படியே நின்றுவிடுகிறது.

பதில்: வேகமாக ஓடும்போது எஞ்சின் தன் உந்துதலிலேயே தாண்டிப் போன குறைகள் இப்போது வெளியே வருகின்றன. வரிசையாகப் பாருங்கள். முதலில் சக்கரம்: டிஷ்யூ தாளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் மேல் விரித்து, எஞ்சினின் ஒரு பாதியை அதன் மேலும் மறு பாதியை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, எஞ்சினைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட விடுங்கள். கறுப்புக் கோடுகள் விழும். கோடு விழாத வரை தாளை நகர்த்திக்கொண்டே இருங்கள், பிறகு மறு பாதிக்கு.

அடுத்தது மின்சாரம். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினரை நம்பி மின்சாரம் அனுப்பாதீர்கள். அது நாளடைவில் தளரும், உள்ளே கருத்துப் போகும். மேசைக்கு அடியில் 2.5 சதுர மி.மீ. கம்பி இரண்டை நீளவாக்கில் ஓட்டி, மீட்டருக்கு ஒரு இடத்தில் மெல்லிய கம்பியால் தண்டவாளத்துக்குச் சால்டர் செய்துவிடுங்கள். முடித்ததும் ஒரு உலோக நாணயத்தை இரண்டு தண்டவாளத்தின் குறுக்கே வையுங்கள். எந்த இடத்தில் வைத்தாலும் தண்டவாளத்துக்கு மின்சாரம் அனுப்பும் பூஸ்டர் உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் அந்தப் பகுதிக்குக் கம்பி போதவில்லை.

பாயின்டில் மட்டும் நின்றால், ஃப்ராக் (பாயின்டில் இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் துண்டு) பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். குட்டையான எஞ்சினுக்கு அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டரே போதும், மின்சாரம் அறுந்துவிடும். உலோக ஃப்ராக் உள்ள பாயின்ட் போட்டு அதற்கு மின்சாரம் கொடுங்கள். முடியாவிட்டால் டிகோடரோடு, மின்சாரம் அறும் நொடியில் எஞ்சினை ஓட வைக்கும் கீப்-அலைவ் கெபாசிட்டர் சேருங்கள். உப்புத்தாள் வைத்துத் தண்டவாளத்தைத் தேய்க்கும் பழக்கம் வேண்டாம். அது போடும் கீறல்களில்தான் அழுக்கு குடியேறும்.

கேள்வி: சின்ன வயதில் கேட்ட அந்த 'தடக் தடக்... தடக் தடக்' சத்தம் மாடலில் வருமா? சவுண்ட் டிகோடரில் இருப்பது காதில் ஒட்டவே இல்லை.

பதில்: வரும், ஸ்பீக்கரே இல்லாமல் வரும். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

அந்தச் சத்தம் தண்டவாளத் துண்டுகளின் இணைப்பில் சக்கரம் தட்டுவதால் வருவது. பல நாடுகளில் துண்டுகள் 12, 13 மீட்டர் நீளம். 13 மீட்டரை 87-ஆல் வகுத்தால் 149 மி.மீ. வளைத்துப் போடக்கூடிய ஃப்ளெக்ஸ் தண்டவாளத்தில் 149 மி.மீ.க்கு ஒரு முறை, தலைப்பகுதியில் மட்டும், ரேசர் ரம்பத்தால் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் ஒரு வெட்டு போடுங்கள். இரண்டு தண்டவாளத்திலும் வெட்டு நேர் எதிரே இருக்கட்டும். உள்பக்கம் பிசிறு நின்றால் சக்கரத்தின் விளிம்பு ஏறித் தடம் புரளும், அதனால் மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். பாயின்டிலும் அதற்கு 10 செ.மீ. அருகிலும் வெட்ட வேண்டாம்.

இதில் அழகு என்னவென்றால், நீளம் 87 மடங்கு சுருங்குகிறது, வேகமும் 87 மடங்கு சுருங்குகிறது, நேரம் மட்டும் சுருங்குவதில்லை. 60 கி.மீ. வேகத்தில் நிஜ ரயிலின் ஒரு சக்கரம் ஒரு இணைப்பிலிருந்து அடுத்ததற்குப் போக 0.78 நொடி. மாடலிலும் அதே 0.78 நொடி. போகியின் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) இரண்டு அச்சுகளுக்கு நடுவே 2.6 மீட்டர் என்றால் 'த-டக்' என்ற இரட்டைத் தட்டின் இடைவெளி 0.16 நொடி, அதுவும் அப்படியே. காது பல வருஷமாகப் பிடித்து வைத்திருக்கும் தாளம் துளி மாறாமல் திரும்ப வரும். வேகம் மட்டும் தப்பினால் எல்லாம் கெட்டுப் போகும், அதனால்தான் முதல் பதிலை அவ்வளவு நீளமாகச் சொன்னேன்.

மூன்று நிபந்தனைகள் உண்டு. சக்கரங்கள் உலோகமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் சக்கரம் சத்தத்தை விழுங்கிவிடும். பெட்டியின் நீளம் சரியான ஸ்கேலில் இருக்க வேண்டும். சின்ன வளைவுக்காகச் சுருக்கி விற்கும் பெட்டிகளில் போகிகள் நெருங்கி வந்து தாளம் குழம்பும். எடையும் வேண்டும். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி எச்ஓ பெட்டிக்கு 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 5.6 கிராம். 24 செ.மீ. பெட்டி 162 கிராம் வரும். எடையைத் தரையோடு ஒட்டித் தாழ்வாக வையுங்கள், கூரையில் ஏற்றினால் வளைவில் சாயும்.

கேள்வி: ஜல்லி போட்டேன். பசை ஊற்றினதும் அங்கங்கே குழி விழுந்து, கல் எல்லாம் ஸ்லீப்பர் மேலே ஏறிக்கொண்டது. என்ன தப்பு?

பதில்: நனைக்காமல் பசை விட்டிருப்பீர்கள். காய்ந்த பொடியில் துளி விழுந்தால் அது உருண்டு, கற்களையும் சேர்த்து இழுக்கும்.

ஜல்லியைக் கொஞ்சமாகக் கொட்டி, மென்மையான தட்டைத் தூரிகையால் பரப்பி, தூரிகைக் காம்பால் தண்டவாளத்தை லேசாகத் தட்டுங்கள். ஸ்லீப்பரின் மேல் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தால் போதும். அடுத்து, நீரில் ஒன்றிரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மிக நுண்ணிய ஸ்பிரேயால் ஜல்லி முழுக்க ஈரமாகும் வரை தெளியுங்கள். ஸ்பிரேயை நேராகக் குறி வைக்காமல் மேலே தூக்கிப் பிடித்து, தூறல் தானாக இறங்கும்படி விட வேண்டும். அதன் பிறகு வெள்ளை மரப்பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து, அதிலும் ஒரு சொட்டு திரவம் விட்டு, டிராப்பரால் தண்டவாளங்களுக்கு நடுவே விடுங்கள். தானாகப் பரவும். ஒரு நாள் முழுக்கத் தொடக்கூடாது. பாயின்டின் நகரும் நாக்குப் பகுதியில் பசையே போகாமல், ஜல்லியையும் மிகக் குறைவாக வையுங்கள்.

கல்லின் அளவு முக்கியம். நிஜ ஜல்லி 5 செ.மீ. என்று வைத்தால் மாடலில் 0.6 மி.மீ.தான். ஆற்று மணல் பயன்படுத்தினால் முதலில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் காந்தத்தைப் போட்டு மணலுக்குள் துழாவுங்கள். கறுப்புத் துகள்கள் மயிர்க்கால் போலச் சிலிர்த்து ஒட்டினால் அந்த மணல் வேண்டாம். அந்த இரும்புத்தூளை எஞ்சின் மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: எனக்கு நினைவில் இருப்பது 1676 மி.மீ. அகலப் பாதை. கடையில் கிடைப்பதெல்லாம் 16.5 மி.மீ. தண்டவாளம். சரியா இது?

பதில்: 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. அதனால் 16.5 சற்று ஒடுங்கித்தான் தெரியும். முகப்பிலிருந்து பார்த்தால் உறுத்தும், பக்கவாட்டில் தெரியவே தெரியாது. சரியான அகலம் வேண்டுமென்றால் தண்டவாளமும் பாயின்டும் கையால் கட்டி, எஞ்சின் அச்சுகளையும் மாற்ற வேண்டும். அந்த உழைப்பைப் பாயின்ட் கட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் சொல்வேன். மற்றவர்கள் 16.5-லேயே இருந்துகொண்டு, தண்டவாளத்தின் உயரத்தைக் கவனியுங்கள். 'கோடு' (code) என்பது தண்டவாள உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் சொல்லும் எண். கோடு 100 என்பது 2.54 மி.மீ., நிஜத்தில் 22 செ.மீ. உயரத் தண்டவாளம் ஆகிவிடும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளமே 17.2 செ.மீ.தான். கோடு 75 அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். மீட்டர் கேஜ் நினைவு உள்ளவர்களுக்கு வழி சுலபம்: 12 மி.மீ. எச்ஓஎம் தண்டவாளம் ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

கேள்வி: எங்கள் ஸ்டேஷனை இடித்துவிட்டார்கள். ஒரே ஒரு பழைய கலர் போட்டோ இருக்கிறது. அதை வைத்துக் கட்டடம் செய்ய முடியுமா, சார்?

பதில்: முடியும்மா. போட்டோவில் அளவு தெரிந்த பொருளைத் தேடுங்கள், ஆனால் அது சுவரின் அதே தளத்தில் இருக்க வேண்டும். முன்னால் ஓடும் தண்டவாளத்தை வைத்துப் பின்னால் உள்ள சுவரை அளந்தால் கட்டடம் சிறிதாகிவிடும். கதவு உயரம் சுமார் 2.1 மீட்டர். செங்கல் தெரிந்தால் இன்னும் நல்லது. பல இடங்களில் நான்கு வரிசை கலவையோடு சேர்த்து 30 செ.மீ. வரிசைகளை எண்ணினால் சுவரின் உயரம் வந்துவிடும்.

நேராக இறுதி மாடலுக்குப் போகாதீர்கள். அட்டையில் ஒன்று வெட்டி நிறுத்துங்கள். போட்டோ எடுத்தவர் நின்ற இடத்தைக் கணக்குப் போட்டு, ஃபோன் கேமராவின் லென்ஸை அங்கே தரையிலிருந்து 18 மி.மீ. உயரத்தில் வையுங்கள், 1:87-ல் நிற்கும் ஆளின் கண் உயரம் அதுதான். ஃபோனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை நெருங்கும். எடுத்த படத்தைப் பழைய போட்டோவோடு ஒப்பிட்டால், கூரைச் சரிவு எங்கே தப்பு என்று உடனே தெரியும்.

நிறத்துக்கு அந்தப் போட்டோவை நம்பாதீர்கள். பழைய கலர் பிரின்ட்களில் சியான் சாயம் வெளுத்துப் படம் சிவந்திருக்கும். சிமென்ட் தரை எவ்வளவு சிவந்திருக்கிறதோ அவ்வளவையும் சுவரிலிருந்து மனதால் கழித்துவிடுங்கள்.

இன்னொன்று, எந்த வருடம் என்று தீர்மானித்துவிடுங்கள். இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகத்தில் ராய் இங்லண்ட் என்பவர் தொடங்கிவைத்த கிராம மாடல், இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தை விட்டு நகரவில்லை. ஓலைக் கூரை, தோட்டத்துச் செடி என எல்லாமே அந்தக் காலத்துக்குள் நிற்பதால்தான் அது நம்ப வைக்கிறது. உங்கள் ஸ்டேஷனிலும் பத்து வருட இடைவெளியில் இருந்த இரண்டு பெயர்ப்பலகைகளைச் சேர்த்து வைத்தால், நினைவு உள்ளவர் கண் அங்கேதான் போய் முட்டும்.

கேள்வி: பெட்டிகளுக்கு அழுக்கு ஏற்றினேன். தீ விபத்தில் சிக்கியது போல இருக்கிறது!

பதில்: கறுப்பை எடுத்து ஓரமாக வையுங்கள். ஓடும் பெட்டியின் அழுக்கு பெரும்பாலும் பழுப்பு: பிரேக் தூசி, துரு, மண். முதலில் பெட்டியின் சொந்த நிறத்தில் பத்தில் ஒரு பங்கு வெளிர் சாம்பல் கலந்து மெல்லியதாக ஒரு பூச்சு. வெயிலில் வெளுத்தது போல ஆகும். பிறகு அடர் பழுப்பு அக்ரிலிக் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து பூசி, காய்வதற்குள் பஞ்சுக் குச்சியால் மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். மழை நீர் இறங்கும் திசை அது. கீழ்ப்பக்கம் 12 மி.மீ. வரை, போகியோடு சேர்த்து, தண்டவாளத்தின் துரு நிறத்தையே லேசாக ஏற்றுங்கள். நீராவி எஞ்சின் என்றால் சேஃப்டி வால்வ் பக்கம் சுண்ணாம்புப் படிவ வெள்ளைக் கோடுகள்.

மேட் வார்னிஷ் அடித்த பரப்பில் ஐசோபுரொப்பைல் கலந்த பூச்சு வேண்டாம், வெள்ளையாகப் பூத்துவிடும். நிறப்பொடி தூவினால் மேலே வார்னிஷ் அடிக்கும்போது பாதி மறைந்துபோகும் என்று கணக்கிட்டுக் கொஞ்சம் தூக்கலாகத் தூவுங்கள். கடைசியாக, கதவுப் பிடியையும் அதைச் சுற்றி ஒரு கடுகளவு இடத்தையும் ஈரப் பல்குச்சியால் துடைத்துச் சுத்தமாக்குங்கள். ஆயிரம் கை பட்ட இடத்தில் அழுக்கு நிற்காது.

கேள்வி: சவுண்ட் டிகோடர் வால்யூம் எவ்வளவு வைக்கலாம்?

பதில்: கையை நீட்டினால் தொடும் தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும், அறையின் மறு கோடியில் கேட்கக் கூடாது. முழு அளவில் மூன்றில் ஒரு பங்கு பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போனால் மூன்றாவது கேள்வியில் பேசிய சக்கரத் தட்டு காதில் விழாது.

கேள்வி: எனக்கு இருப்பது 2.4 மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலம் மட்டும். வட்டமாகச் சுற்றக்கூட இடம் இல்லை. இதில் நிஜம் சாத்தியமா?

பதில்: வட்டம் இல்லாதது நல்லதுதான். 24 மீட்டர் பெட்டி மாடலில் 27.6 செ.மீ.; வளைவின் ஆரம் அதன் மூன்று மடங்குக்குக் குறைந்தால் பெட்டிகளின் மூலைகள் பிதுங்கித் தெரியும், கண்ணுக்கு ஒவ்வாது.

உங்கள் நீளத்தில் 1.3 மீட்டரை ஒரு கடைக்கோடி ஸ்டேஷனாக வையுங்கள், மீதி 1.1 மீட்டர் திரைக்குப் பின்னால் ரயில் காத்திருக்கும் இடம். எஞ்சினும் மூன்று பெட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 1.05 மீட்டர், கச்சிதமாக உள்ளே போகும். நடுவில் ஒரு சாலைப் பாலம் போட்டால் ரயில் மறையும் ஓட்டை தெரியாது. பலகையைத் தரையிலிருந்து 1.2 மீட்டருக்கு மேல் உயர்த்துங்கள், உட்கார்ந்து பார்ப்பவரின் கண் பிளாட்பார மட்டத்துக்கு வரும். விளக்கைப் பார்வையாளர் பக்கம், பலகையின் முன் விளிம்புக்கும் சற்று வெளியே, மேலே பொருத்துங்கள். பின்னால் பொருத்தினால் பெட்டிகளின் முகம் இருட்டாகி, பின்னணி வானத்தில் கட்டட நிழல் விழும். அந்த வானத்துக்கு அடர் நீலம் வேண்டாம், அடிவானத்தை நெருங்க நெருங்க வெள்ளையாக வெளுக்கும்படி பூசுங்கள்.