பெட்டிக்குள் என்ன என்பதைச் சுங்கத்திடம் மறைக்காதீர்கள்

கேள்வி: வெவ்வேறு நாடுகளில் இருக்கும் எட்டு நண்பர்கள், யார் யாருக்கு என்று சொல்லாமல் ஆளுக்கொரு பெட்டிப் பொருட்களைத் தபாலில் அனுப்பிக்கொள்ள முடிவு செய்தோம். சீட்டுக் குலுக்கியதில் ஒருவருக்குத் தன் பெயரே வந்தது. இருவர் அனுப்பவே இல்லை. ஒரு பெட்டி மூன்று வாரம் சுங்கத்தில் நின்று, பிரிக்கப்பட்டு வந்தது. இன்னொன்றின் மேல் ஒட்டிய படிவத்தில் உள்ளே இருப்பது எல்லாமே எழுதியிருந்தது! அடுத்த சுற்றையாவது ஒழுங்காக நடத்த வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் சுங்கத்தைப் பார்த்துவிடுவோம். பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான்.

பொருள் வைத்து எல்லை தாண்டும் தபாலுக்குப் பொதுவாகச் சுங்க அறிவிப்புப் படிவம் கட்டாயம். சிறு பொட்டலத்துக்கு சி.என். 22, பார்சலுக்கு சி.என். 23. 2021 முதல் இந்த விவரங்கள் மின்னணு வழியில், பெட்டி போய்ச் சேரும் முன்பே இலக்கு நாட்டுக்குக் கிடைக்க வேண்டும் என்று உலக அஞ்சல் ஒன்றியம் விதித்திருக்கிறது. படிவத்தில் ‘பரிசு’ என்றொரு கட்டம் இருக்கும். எதற்காக அனுப்புகிறீர்கள் என்பதற்கான விடை அது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அது விடையாகாது. நானும் ஆரம்பத்தில் ‘பரிசுப் பொருட்கள், பலவகை’ என்று எழுதிப் புத்திசாலித்தனமாக இரகசியம் காத்ததாக நினைத்தேன். பெட்டியைத் திறந்து, வண்ணத்தாளை எல்லாம் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். மூடி மறைத்து எழுதிய பெட்டியைத்தான் முதலில் பிரிப்பார்கள்.

ஆனால் உள்ளே இருப்பதைப் பற்றிப் படிவம் முக்கியமாகக் கேட்பது வகை, எண்ணிக்கை, எடை, மதிப்பு ஆகியவற்றைத்தான். ‘அச்சிட்ட புத்தகம் – 2, பருத்திக் கைக்குட்டை – 3’ என்று எழுதினால் போதும். எந்தப் புத்தகம், கைக்குட்டையில் என்ன பூவேலை என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆச்சரியம் அதில்தானே இருக்கிறது! வகைகூடத் தெரிய வேண்டாம் என்பவர், தன் வீட்டில் பெட்டியை வாங்குபவரிடம் படிவத்தின் மேல் ஒரு தாளை ஒட்டித் தரச் சொல்லிவைக்கலாம்.

மதிப்பைக் குறைத்து எழுதுவது பொய் அறிவிப்பு. பெட்டி தொலைந்தாலும் நீங்கள் எழுதிய தொகைக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது. பரிசுக்கு எவ்வளவு வரை வரி இல்லை என்பது நாட்டுக்கு நாடு மாறும். எட்டுப் பேரும் அவரவர் நாட்டு வரம்பை முன்கூட்டியே சொல்லட்டும். அவற்றில் மிகச் சிறியதற்குள் எல்லாப் பெட்டிகளையும் அடக்கிவிடுங்கள். ஆச்சரியப் பெட்டியை வாங்குபவர் வரி கட்டுவது மாதிரி கசப்பான ஆச்சரியம் வேறில்லை.

பவர் பேங்க், வாசனைத் திரவியம், நகப்பூச்சு, அழுத்தத்தில் அடைத்த ஸ்பிரே டப்பா எதுவும் வேண்டாம். விமானத்தில் தீப்பிடிக்கும் அபாயம் உள்ளவை. விதை, மண், செடி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். 2020-ல் பல நாடுகளில் யாரும் கேட்காமலே விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்து இறங்கி, அவற்றை விதைக்க வேண்டாம் என்று அரசுகளே எச்சரிக்க நேர்ந்தது.

இனி சீட்டு. தன் பெயர் தனக்கே வந்தது துரதிர்ஷ்டம் அல்ல. எட்டுப் பேர் குலுக்கினால், ஒருவருக்காவது தன் பெயரே வருவதற்கான வாய்ப்பு சுமார் 63 விழுக்காடு. ஆகவே குலுக்கலை விட்டுவிட்டு வரிசைக்கு வாருங்கள். அனுப்பாதவர் பிரச்சினையும் அதிலேயே தீரும்.

2005-ல் போர்ச்சுகலில் தொடங்கிய போஸ்ட்கிராசிங் என்ற அஞ்சலட்டைப் பரிமாற்றத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது: நீங்கள் அனுப்பிய அட்டை போய்ச் சேர்ந்த பிறகுதான் உங்கள் முகவரி இன்னொருவர் கைக்குப் போகும். இதை உங்கள் எட்டுப் பேருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். எல்லோரும் நம்பும் ஒருவர் ஒருங்கிணைப்பாளர். மற்ற ஏழு பேரின் வரிசையை அவர் குலுக்கி முடிவு செய்து தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். முதல் ஆளுக்குத் தன் முகவரியைக் கொடுக்கிறார். முதல் ஆள் பெட்டியைத் தபாலில் சேர்த்ததும், அவருடைய முகவரி இரண்டாம் ஆளுக்குப் போகிறது. இரண்டாம் ஆள் அனுப்பியதும் அவர் முகவரி மூன்றாம் ஆளுக்கு. பத்து நாளில் அனுப்பாதவரை வரிசையிலிருந்து நீக்கி, அதே முகவரியை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். கடைசி ஆளுக்கு ஒருங்கிணைப்பாளர் அனுப்புவார். அனுப்பியவர் யாரும் வெறுங்கையோடு நிற்க மாட்டார். அனுப்பாதவருக்கு எதுவும் போகாது. ஆளுக்குப் பத்து நாள் என்றால் அதிகபட்சம் 80 நாள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் நான்கு நான்கு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். யாரிடமிருந்து தனக்கு வருகிறது என்பது ஒருங்கிணைப்பாளருக்கு முன்பே தெரிந்துவிடும். பாவம், அது அவர் கொடுக்கும் விலை.

கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சுற்றி, மூடியபின் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரக் கூடாது. முகவரிச் சீட்டு ஒன்று உள்ளேயும் இருக்கட்டும். பழைய அட்டைப்பெட்டி என்றால் அதிலுள்ள பழைய பார்கோடுகளைக் கிழித்துவிடுங்கள். இயந்திரத்துக்கு எது பழையது, எது புதியது என்று தெரியாது. கூரியரில் அனுப்புவோர் பெட்டியின் அளவையும் கவனிக்க வேண்டும். பல நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் கிலோவை உண்மை எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடும். 40, 30, 20 அளவுள்ள பெட்டியில் பஞ்சே இருந்தாலும் 4.8 கிலோதான்.

அனுப்பியதற்குச் சான்றாக டிராக்கிங் எண்ணை மட்டும் ஏற்காதீர்கள். பெட்டி வீட்டில் இருக்கும்போதே எண் வாங்கிவிடலாம். தபால் நிலையம் பெற்றுக்கொண்டதாக முதல் பதிவு வந்த பிறகே அடுத்தவருக்கு முகவரி போகட்டும். அந்த எண்ணைப் பெறுபவர் கண்ணில் காட்டவும் வேண்டாம்: சர்வதேச அஞ்சல் எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் அனுப்பும் நாட்டைக் குறிப்பவை. ஆளுக்கொரு நாட்டில் இருக்கும் உங்கள் எட்டுப் பேருக்குள், அனுப்பியவர் யாரென்று கண்டுபிடிக்க அந்த இரண்டெழுத்தே போதும்.