ஸ்க்ரூ டைட்டா இருந்தும் ஜாயின்ட் நகர்ந்துச்சு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், பழைய பாடியில வேற வண்டியோட ஸ்டீயரிங் பாக்ஸை வச்சு நானே ஒரு கார் கட்டிட்டிருக்கேன். ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங் வீல்ல இருந்து வர்ற தண்டு) பக்கம் முக்கால் இஞ்ச் டபுள் டி ஷாஃப்ட் (உருண்டைத் தண்டுல எதிரெதிரா ரெண்டு பக்கம் தட்டையா இருக்கும்), பாக்ஸ் பக்கம் ஸ்ப்ளைன் (சுத்தியும் பல்லு வெட்டின தண்டு). ரெண்டையும் கோணத்துல இணைக்க வாங்கின யூ-ஜாயின்ட்ல ரெண்டு செட் ஸ்க்ரூ (முனையால ஷாஃப்டை அழுத்திப் பிடிக்கற ஸ்க்ரூ) இருக்கு. அதை நல்லா முறுக்கிட்டா போதுமா, இல்ல பயத்துக்கு ஒரு வெல்டும் வச்சிடவா?

பதில்: முறுக்கினா மட்டும் போதாதுங்க, வெல்டும் வேண்டாம். முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, நீங்க வீலைத் திருப்பற சக்தியை தாங்கறது ஸ்க்ரூ இல்ல, டபுள் டி-யோட ரெண்டு தட்டைப் பக்கமும் ஸ்ப்ளைன் பல்லும்தான். ஸ்க்ரூவோட வேலை ஜாயின்ட் ஷாஃப்ட்ல இருந்து உருவிக்காம பிடிக்கறதும் உள்ள இருக்கற கொஞ்சநஞ்ச ஆட்டத்தை எடுக்கறதும். வழவழன்னு இருக்கற ஷாஃப்ட் மேல ஸ்க்ரூ முனை சும்மா அழுத்திட்டு இருந்தா, வண்டி ரோட்டுக் குழியில விழற ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் அது மயிரிழை மயிரிழையா நகரும்.

இதை நான் கண்ணால பாத்திருக்கேன். ஒரு வண்டி வந்துச்சு, ஸ்டீயரிங்ல லேசா "டக்"குனு சத்தம் வருதுன்னு சொன்னாங்க, ஆலன் கீ போட்டு பாத்தா ஸ்க்ரூ அசையவே இல்ல, அவ்வளவு டைட், ஆனா ஜாயின்டைக் கழட்டிப் பாத்தா ஷாஃப்ட் மேல நகத்தால கீறின மாதிரி பளபளன்னு ஒரு கோடு, ஸ்க்ரூ முதல்ல உக்காந்த இடத்துல இருந்து அன்னைக்கு நின்ன இடம் வரைக்கும் ரெண்டு நூல் (கால் இஞ்ச்) நீளம். டைட்டா இருந்துக்கிட்டே ஜாயின்ட் வெளிய வந்துட்டிருந்திருக்கு. அன்னைக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கம் வரல.

அதனால செட் ஸ்க்ரூ உக்கார ஷாஃப்ட்லயே ஒரு குழி வேணும். ஜாயின்டை சரியான இடத்துல மாட்டி, ஸ்க்ரூவை முறுக்கி ஷாஃப்ட்ல அடையாளம் விழ வச்சு, கழட்டி, அந்த அடையாளத்து மேல டிரில்லால சுமார் ஒரு நூல் ஆழத்துக்கு குழி எடுங்க. ஸ்க்ரூ முனை முழுசா அதுக்குள்ள இறங்கணும். குழி ஓரமா தள்ளிப் போயிட்டா அந்த ஷாஃப்டை விட்டுட்டு வேற வெட்டுங்க, பக்கத்துல இன்னொரு குழி எடுத்து சமாளிக்காதீங்க. பிறகு எண்ணெய் பிசுக்கு இல்லாம துடைச்சு, ஸ்க்ரூல த்ரெட் லாக்கர் (மரை தளராம பிடிக்கற பசை) தடவி, ஜாயின்ட் செஞ்ச கம்பெனி சொன்ன டார்க்குக்கு (முறுக்கற விசை அளவுக்கு) முறுக்கி, மேல லாக் நட்டும் போடுங்க. லாக்கர் இருக்கேன்னு நட்டை விடாதீங்க, ரெண்டும் வேணும்.

ஸ்ப்ளைன் பக்கம் இன்னும் கவனம். முக்கால் இஞ்ச்லயே 30 பல்லும் இருக்கு 36 பல்லும் இருக்கு, கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் தெரியும், பல்லை எண்ணிப் பாத்து வாங்குங்க. கையால வச்சா வழுக்கிட்டு முழுசா உள்ள போகணும், சுத்தியல் கேட்டாலும் சரி, லொடலொடன்னு ஆடினாலும் சரி, அது உங்க ஜாயின்ட் இல்ல. ஆடறதை ஸ்க்ரூ வச்சு இறுக்கறது ரொம்ப தப்பு. பிஞ்ச் போல்ட் (ஜாயின்டை நெருக்கி ஷாஃப்டைக் கவ்வ வைக்கற போல்ட்) டைப்னா ஷாஃப்ட்ல குறுக்க ஒரு பள்ளம் இருக்கும், போல்ட் அதுவழியா போகணும். போல்ட்டை உள்ள விட்டதும், முறுக்கறதுக்கு முன்னாடி ஜாயின்டை இழுத்துப் பாருங்க, கையோட வந்துச்சுன்னா பள்ளத்துல உக்காரல.

ஷாஃப்ட் ஜாயின்டோட துளையை முழுசா நிரப்பணும், ஆனா கவட்டைக்குள்ள (ஜாயின்டோட ரெண்டு கை பிரியற இடம்) நீட்டிக்கக் கூடாது. கொஞ்சம் நீட்டினாலும் ஜாயின்ட் மடங்கறப்ப நடுவுல இருக்கற க்ராஸ்ல இடிக்கும், அப்படி இடிச்சா திரும்பற நேரத்துல ஸ்டீயரிங் பிடிச்சுக்கும். உள்ள போற அளவை முன்னாடியே மார்க்கர்ல கோடு போட்டு வச்சுக்கோங்க.

வெல்டு விஷயம். வெல்டு பண்றதுக்குன்னே வழவழப்பான துளையோட வர்ற ஜாயின்ட் தனியா இருக்கு, அதை மட்டும்தான் பண்ணணும், அதுவும் முலாம் எல்லாம் சுரண்டிட்டு ஸ்டீயரிங் பாகம் வெல்டு பண்ண தகுதி உள்ளவர் கையால. முலாம் மேல வெல்டு வச்சா புகையும் விஷம், வெல்டும் பலமா இருக்காது. ஸ்ப்ளைன், டபுள் டி ஜாயின்ட்ல "பயத்துக்கு" வைக்கற புள்ளி வெல்டு, ஜாயின்டுக்குள்ள இருக்கற நீடில் பேரிங்கோட கிரீஸையும் சீலையும் பொசுக்கிடும். ஸ்டீயரிங்ல வெல்டையே ஏத்துக்காத ஊர்களும் இருக்கு, உங்க வண்டியை பரிசோதிக்கப் போறவங்ககிட்ட முதல்லயே கேட்டுடுங்க.

கேள்வி: எஞ்சினை சுத்திப் போக 3 ஜாயின்ட் போட்டேன். வீலைத் திருப்பினா நடுவுல ஷாஃப்ட் துள்ளுது, ஒரு இடத்துல லேசாவும் ஒரு இடத்துல கனமாவும் இருக்கு. ஏன் சார்?

பதில்: ரெண்டு தனித்தனி கோளாறு இது. 2 ஜாயின்ட் வரைக்கும் ரெண்டு முனையும் பிடிமானத்துல இருக்கு, மூணாவது வந்துட்டா நடுவுல சாட்டை மாதிரி ஆடும். ஒரு ஷாஃப்டை ராடு எண்ட் பேரிங்ல (தண்டு முனையில வளையம் மாதிரி இருக்கற பேரிங்) பிடிச்சு சேஸிஸோட இறுக்குங்க, எஞ்சின்ல பிடிக்காதீங்க, எஞ்சின் ஆடும்.

லேசு-கனம் வர்றது கோணத்தால. ஒரு ஜாயின்ட் 30 டிகிரி மடங்கி சுத்தினா மறுபக்கம் ஒரே வேகத்துல சுத்தாது, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை 13 சதவீதம் குறையும், 15 சதவீதம் கூடும். 45 டிகிரின்னா 29 சதவீதம் குறைஞ்சு 41 சதவீதம் கூடும். இதை அடுத்த ஜாயின்ட் சரிக்கட்டணும்னா ரெண்டு கோணமும் சமமா இருக்கணும், நடு ஷாஃப்டோட ரெண்டு முனைக் கவட்டையும் ஒரே நேர்ல இருக்கணும். டபுள் டி-ல நேரா மாட்டறது சுலபம், ஸ்ப்ளைன்ல ஒரு பல்லு தள்ளினாலே மாறிடும். ஒரு ஜாயின்டை 30 டிகிரிக்குள்ள வைங்க, 35-ஐத் தொடாதீங்க. அதுக்கு மேல வேணும்னா ரெண்டு ஜாயின்ட் ஒண்ணா சேர்ந்து வர்ற டபுள் ஜாயின்ட் இருக்கு.

கேள்வி: எல்லாம் மாட்டியாச்சு. ஓட்டறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

பதில்: முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஒருத்தர் வீலை இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் மெதுவா திருப்பணும், நீங்க டார்ச்சோட ஒவ்வொரு ஜாயின்டா பாருங்க. சஸ்பென்ஷன் தொங்கறப்பவும் முழுசா அமுங்கினப்பவும் அதையே செய்ங்க. எக்ஸாஸ்ட் பைப் பக்கத்துல போனா இடைவெளி விட்டு வெப்பத் தகடு வைங்க, கிரீஸ் உருகி ஓடிடும். ஒவ்வொரு ஸ்க்ரூ, நட்டு மேலயும் ஷாஃப்ட் வரைக்கும் சேர்த்து பெயின்ட்ல ஒரு கோடு இழுங்க. முதல் ஓட்டம் மெதுவா, காலி இடத்துல. வந்ததும் பானெட்டைத் திறந்து அந்தக் கோடுங்களைப் பாருங்க. எதுலயாவது கோடு உடைஞ்சு விலகி இருந்தா மறுபடி முறுக்கிட்டுக் கிளம்பிடாதீங்க, கழட்டி குழியைப் பாருங்க.