ஓய்வு பெற்ற கால்பந்து நட்சத்திரம் பயிற்சியாளர் ஆனால், ஏன் இவ்வளவு செல்வாக்கு?

பயிற்சியாளர் என்பவர் யார் ஆட வேண்டும், எப்படி ஆட வேண்டும் என்று முடிவெடுப்பவர். அவரே முன்னாள் நட்சத்திரம் என்றால், ஆடிய காலத்தில் சம்பாதித்த நம்பிக்கையும் கூடவே வரும். செல்வாக்கின் வேர் அதுதான்.

பிரான்ஸ் வீரர் ஜிடானைப் பாருங்கள். 1998 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரேசிலுக்கு எதிராகத் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டவர். 2016 ஜனவரியில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணிக்குப் பயிற்சியாளரானார். அந்த ஆண்டிலிருந்து 2018 வரை, ஐரோப்பியக் கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பை தொடர்ந்து மூன்று முறை அவர் கைக்கு வந்தது. 'இப்படித் தட்டு' என்று அவர் சொன்னால் எந்த வீரர் மறுப்பார்?

நம்ம சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையும் அப்படித்தான். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தே கை காய்ப்பேறிய பெரியவர் 'தீயைக் குறை' என்றால், பையன் சட்டென்று குறைப்பான். அதையே கணக்கு எழுதுகிறவர் சொன்னால் ஒருமுறை யோசிப்பான்.

மாரடோனா கதை இன்னும் உருக்கமானது. 2010 உலகக் கோப்பையில் அவர் பயிற்றுவித்த அர்ஜென்டினா காலிறுதியில் ஜெர்மனியிடம் 0-4 என்று தோற்றது. ஆனாலும் ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வரவேற்றார்கள். 1986-இல் கோப்பை வாங்கித் தந்தவரை எப்படி வெறுப்பார்கள்?

அப்புறம், நட்சத்திரமாக ஆடியவரால்தான் பயிற்றுவிக்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: தொழில்முறை ஆட்டக்காரராகவே இல்லாத அரிகோ சாக்கி, இத்தாலியின் ஏசி மிலான் அணிக்கு 1989, 1990 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) வென்று தந்தார்.