எந்தப் படத்துக்கு உட்காரலாம்? – கேள்வி பதில்

புதிதாக வீட்டுத் திரைக்கு வரும் படங்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். செந்தூலில் பதினான்கு வருடம் வீடியோ கடை வைத்திருந்தவன் நான். ஒரு கேசட் திரும்பி வந்ததும் அதன் சின்னக் கண்ணாடி வழியாக டேப் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்ப்பேன். முழுவதும் ஓடியிருந்தால் படம் வீட்டில் தேறிவிட்டது. பாதியில் நின்றிருந்தால், கொண்டு வந்தவர் "நல்லா இருந்துச்சுண்ணே" என்று சொன்னாலும் அடுத்த பிரதி வாங்கமாட்டேன். தியேட்டரில் நூறு நாள் ஓடிய படங்கள்கூட முக்கால் மணி நேரத்தில் நின்று திரும்பியிருக்கின்றன. இன்றைக்கும் அந்தக் கணக்கை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

அம்பாங்கிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, வெள்ளிக்கிழமை ராத்திரி நெட்பிளிக்ஸ், பிரைம், ஆஸ்ட்ரோ என்று மாற்றி மாற்றிப் புரட்டியே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. கடைசியில் ஒன்றும் பார்க்காமல் தூங்கிவிடுகிறோம். எப்படித் தேர்ந்தெடுப்பது?

வெள்ளிக்கிழமை தேர்ந்தெடுக்காதீர்கள் தம்பி. களைத்துப்போன நேரத்தில் ரிமோட்டைக் கையில் எடுத்தால், முகப்பில் எந்தப் படத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார்களோ அதுதான் கண்ணில் படும். அது அவர்கள் விற்க நினைக்கும் படம். புதன்கிழமையே இரண்டு படங்களைக் குறித்து வையுங்கள், ஒன்று போனால் இன்னொன்று.

எதை வைத்துக் குறிப்பது? நான் நடிகரை மூன்றாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் எழுதியவர் யார், அவருடைய முந்தைய படத்தின் இரண்டாம் பாதி எப்படி இருந்தது என்று பார்ப்பேன். முதல் பாதியைச் சுவாரசியமாக எழுதுகிறவர்கள் நிறைய பேர். இடைவேளைக்குப் பிறகும் கதையைத் தாங்கிப் பிடிக்கிறவர்கள் குறைவு. அடுத்து எடிட்டர். நல்ல எடிட்டர் பெயர் இருந்தால் இரண்டே முக்கால் மணி நேரப் படத்துக்கும் துணிந்து உட்காருவேன்.

மதிப்பெண்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பார்வையாளர்கள் படங்களுக்கு மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் முதல் வாரம் நிற்கும் சராசரியை நம்பவேண்டாம். ரசிகர்கள் பத்து போடுவார்கள், எதிர் ரசிகர்கள் ஒன்று போடுவார்கள். அந்த எண்ணைத் தொட்டால் எத்தனை பேர் எவ்வளவு போட்டார்கள் என்று பட்டையாகத் தெரியும். ஆறு, ஏழு, எட்டு போட்டவர்கள்தான் படத்தை உண்மையில் பார்த்தவர்கள் என்பது என் அனுபவம். அவர்கள் எழுதியதில் இரண்டை மட்டும் படியுங்கள்.

பிறகு இருபது நிமிடம் கொடுங்கள். இந்த ஆளுக்கு என்ன வேண்டும், அது கிடைக்காமல் எது தடுக்கிறது என்பது அதற்குள் புரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். சந்தா கட்டிவிட்டோமே என்று முழுவதும் உட்கார வேண்டாம். அந்தப் பணம் எப்படியும் போய்விட்டது, இரவையாவது மீட்கலாம்.

பிரிக்பீல்ட்ஸ், தங்கச்சி ஒருவர்: தியேட்டரில் பார்ப்பதா, வீட்டுக்கு வரும்வரை காத்திருப்பதா?

தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் தியேட்டரில் வந்த நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. இந்திப் படங்களுக்குத்தான் எட்டு வாரம். ஆகவே கேள்வி ஒரு மாதம் பொறுப்பதா என்பதுதான். கூட்டத்தின் விசிலும் கைதட்டலும் பாதி உயிர் கொடுக்கும் படம் என்றால் கொலிசியம் தியேட்டருக்கே போங்கள். கதாநாயகன் மெதுவாக நடந்து வரும் மூன்று நிமிடம் அங்கே திருவிழா, உங்கள் வரவேற்பறையில் வெறும் மூன்று நிமிடம். பேச்சும் முகமும் நடத்திச் செல்லும் குடும்பக் கதை, விசாரணைக் கதை எல்லாம் வீட்டில் இன்னும் நன்றாக இறங்கும்.

கெப்போங், ஒரு தாய்: மாமியார், நாங்கள் இருவர், ஒன்பது வயது மகன். எல்லாரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி புதுப் படமே இல்லையா ஐயா?

இருக்கிறது அம்மா, ஆனால் தேடவேண்டும். இந்தியச் சான்றிதழில் முன்பு 'யு/ஏ' என்று ஒரே பெட்டியில் போட்டதை இப்போது 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். 7+ வரை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். 'யு' சான்றிதழ் வாங்கிய பழைய படத்திலும் இன்றைக்குப் பிள்ளைகளுக்கு ஒவ்வாத நகைச்சுவை இருக்கும். அதனால் முந்தின நாள் நீங்கள் ஒருவர் வேகமாக ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. மாமியாருக்கு எழுத்து வாசிக்கச் சிரமம் என்றால் சப்டைட்டில் படம் வேண்டாம், அவர் பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

செராஸ்: தியேட்டருக்கு வராமல் நேராக ஓடிடிக்கு வந்த படம் என்றாலே சரக்கு சரியில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. 'சூரரைப் போற்று' 2020 நவம்பரில் நேராக பிரைமில்தான் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான இந்தியத் தேசிய விருதையும் வாங்கியது.

செத்தியா வங்சா, ஓய்வு பெற்ற ஆசிரியர்: பழைய படங்களை '4கே' (மிகத் துல்லியமான படம்) என்று போட்டு மறுபடி விடுகிறார்கள். உண்மையிலேயே புதுப்பித்ததா என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன் ஐயா. நெகட்டிவைத் தேடி எடுத்து, கீறல் நீக்கி, நிறமும் ஒலியும் சரிசெய்து கொண்டுவருவது ஒன்று. பழைய டிவி பிரதியை அப்படியே பெரிதாக்கி '4கே' என்று ஒட்டுவது இன்னொன்று. 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்தது. நாற்பத்தெட்டு வயதான படத்துக்கு இளைஞர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அக்கறையோடு செய்தால் அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் சோதிக்க மூன்று வழி. முகங்களைப் பாருங்கள். தோல் மெழுகு பூசினாற்போல் வழவழப்பாக இருந்தால் கணினி இழுத்து நிரப்பிய படம். உண்மையான பிலிமில் மெல்லிய மணல்போலப் புள்ளிகள் அசையும், அது குறை அல்ல.

இரண்டாவது, படத்தின் அகலம். 1973இல் 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமாக வந்தது, பிறகு அந்த அகலமே பெருவழக்கானது. அப்படிப்பட்ட படம் உங்கள் டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இல்லாமல் முழுத்திரையையும் அடைத்து நின்றால், பக்கவாட்டில் ஏறக்குறைய கால் பங்கை வெட்டிவிட்டார்கள் என்று பொருள். இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவர் காது மட்டும் தெரியும். இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஒளிப்பதிவாளர் ஒவ்வொரு சட்டகத்தையும் அளந்து வைத்தது அதற்கா?

மூன்றாவது, ஓடும் நேரம். தியேட்டரில் இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று பதிவான படம் இங்கே இரண்டேகால் மணி என்று காட்டினால் பாடலோ காட்சியோ போயிருக்கிறது. டிவியில் வரும் புதுப் படங்களுக்கும் இதே சோதனையைச் செய்யலாம்.

ராவாங்: மலையாளப் படங்களைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பதா, மூல மொழியிலா?

மூல மொழியில். முதல் பத்து நிமிடம் கடினமாக இருக்கும், பிறகு காது பழகிவிடும், சொற்களில் பாதி நமக்குத் தெரிந்தவை. டப்பிங்கில் எல்லாரும் ஒரே சென்னைக் குரலில் பேசுகிறார்கள். படகோட்டியும் வக்கீலும் ஒரே மாதிரிப் பேசினால் அந்த ஊர் காணாமல் போய்விடும்.

பத்து கேவ்ஸ்: பேச்சு கேட்கவில்லை, பாட்டு வந்தால் அக்கம்பக்கம் எழுந்துவிடுகிறது. படம் மோசமா, டிவி மோசமா?

இரண்டும் இல்லை. ஒலி ஐந்து ஸ்பீக்கருக்குக் கலந்தது, உங்கள் டிவியில் இரண்டே சின்ன ஸ்பீக்கர். ஆடியோ பட்டியலில் 5.1 என்ற அந்த ஐந்து ஸ்பீக்கர் ஒலிக்குப் பதில் ஸ்டீரியோ என்ற இரண்டு ஸ்பீக்கர் ஒலி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். படம் மங்கலாகவும் தெரிந்தால் இணைய வேகத்தைப் பாருங்கள். 4கே படத்துக்கு நெட்பிளிக்ஸ் கேட்பது நொடிக்கு 15 மெகாபிட்.

கிள்ளான்: இன்னும் டிஸ்க் வாங்கலாமா?

வருடத்துக்கு ஒருமுறையாவது திரும்பப் பார்ப்பீர்கள் என்றால் வாங்கலாம், ஓடிடியிலிருந்து ஒரு படம் எப்போது காணாமல் போகும் என்று சொல்லமுடியாது. உறையின் பின்பக்கம் எந்த மண்டலம் என்று பாருங்கள், மண்டலம் மாறினால் உங்கள் பிளேயரில் ஓடாமல் போகலாம். புளூ-ரேயில் மலேசியா 'ஏ' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம். 4கே டிஸ்க்குக்கு மண்டலத் தொல்லை இல்லை.

செந்தூல், கல்லூரி மாணவி: நம் நாட்டுத் தமிழ்ப் படங்களைப் பார்க்கலாமா அங்கிள்? தரம் சுமார் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பாரும்மா. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வந்த 'ஜகாட்' படத்திலிருந்து தொடங்கு. தோட்டத்தை விட்டு வெளியேறி வாழும் குடும்பம், தொண்ணூறுகளின் தொடக்கம், அதில் வளரும் ஒரு பையன். மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. குறைந்த பணத்தில் எடுத்த நம் படங்களில் ஒளியும் சண்டையும் சில இடங்களில் சுமாராக இருக்கும், மறைக்கமாட்டேன். ஆனால் நம் பேச்சு நம் வாயிலிருந்து வருவதை வேறெந்தப் படத்தில் கேட்பாய்? என் அக்கா தோட்டத்தில் பிறந்தவள். எந்தப் படத்துக்கும் அரை மணி நேரத்தில் தூங்கிவிடுவாள். 'ஜகாட்' போட்ட அன்றைக்குப் பெயர்கள் ஓடி முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அந்த அம்மா துணி காயப்போடுற மாதிரிதான்டா நம்ம அம்மாவும் போடும்" என்றாள்.