பிக்கப் இழுத்துவிடும், தாங்குமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். எங்களிடம் இருப்பது அரை டன் வகை (அது வகையின் பெயர்தான், உண்மையான எடை அல்ல) பிக்கப். 11,000 பவுண்டு வரை இழுக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. நாங்கள் பார்த்து வைத்திருக்கும் ட்ராவல் ட்ரெய்லரின் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு) வெற்று எடை 6,200 பவுண்டு. 'பாதிக்குப் பாதிதானே, பறக்கும்' என்கிறார் டீலர். நாங்கள் இருவர், குழந்தைகள் இருவர். தைரியமாக வாங்கலாமா? முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை.

பதில்: அந்த ட்ரெய்லரை அந்த பிக்கப்போடு வாங்காதீர்கள். முன்பணம் கொடுக்கும் முன் கேட்டீர்கள், நல்லது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்கிறார்கள்.

அந்த 11,000 பொய் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலும் இல்லை. எஞ்சினும் கியரும் பிரேக்கும் அவ்வளவு எடையை இழுத்துக்கொண்டு மேடேறும் என்பதுதான் அதன் பொருள். அதைக் கணக்கிடும்போது வண்டிக்குள் ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் ஒருவர், தலைக்கு 150 பவுண்டு என்றுதான் வைத்துக்கொள்கிறார்கள். பின் இருக்கையில் குழந்தைகள் இல்லை, பின்தட்டில் ஜெனரேட்டர் இல்லை. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண் பெரும்பாலும் அந்த மாடலிலேயே அதிகம் இழுக்கும் ஒரு வகைக்கு உரியது. வீட்டு வாசலில் நிற்கும் உங்கள் வண்டிக்கு அது பொருந்தும் என்று நம்பக் காரணமே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறொரு எண். ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு மூடிக்கொள்ளும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒட்டியிருக்கும் டயர் ஸ்டிக்கரைப் படியுங்கள். 'ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். அதுதான் பேலோடு. ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே நிறம் என்றாலும் வண்டிக்கு வண்டி அது மாறும். சன்ரூஃப், நாலு சக்கர இயக்கம், தோல் இருக்கை என்று ஒவ்வொன்றும் அதைக் கொஞ்சம் தின்றிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியின் எண் உங்களுக்கு உதவாது.

ட்ரெய்லரின் முழு எடையும் பிக்கப்பின் மேல் உட்காருவதில்லை. ட்ரெய்லரை பிக்கப்போடு இணைக்கும் ஹிட்ச்சில் உள்ள பந்தின் மேல் அழுத்தும் முன்பாரம் மட்டும்தான் உட்காரும். டங் வெயிட் என்பது அதைத்தான். ட்ராவல் ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். நான் 13 என்று வைத்துத்தான் கணக்குப் போடுவேன். அந்த பாரம் முழுக்க உங்கள் பேலோடில்தான் கழியும்.

ஸ்டிக்கர் எண்ணை நீங்கள் எழுதவில்லை. நான்கு கதவு வைத்த அரை டன் வண்டிகளில் அடிக்கடி பார்க்கிற அளவாக 1,480 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நால்வரும் 480. ஹிட்ச் இரும்புச் சாமான் 90. பின்தட்டு மூடி 60. ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, விறகு எல்லாம் 200. மொத்தம் 830. மிச்சம் 650.

இப்போது டீலர் கையேட்டைத் திறந்து 'டங் வெயிட் 640 தான், பாருங்கள், சரியாக இருக்கிறதே' என்பார். இந்த இடத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். அந்த 640 என்பது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வெற்று ட்ரெய்லரின் கணக்கு. பல ட்ரெய்லர்களுக்கு பேட்டரியைக்கூட டீலர்தான் பிறகு மாட்டுகிறார். அது எங்கே மாட்டப்படுகிறது? பந்துக்கு நேர் பின்னால், முன் சட்டத்தின் மேல். கேஸ் சிலிண்டர்களும் அங்கேதான். இரண்டு பேட்டரி, இரண்டு நிறைந்த சிலிண்டர் என்றால் அங்கேயே ஏறத்தாழ 200 பவுண்டு. அதற்குப் பின்னால் பாத்திரம், துணி, படுக்கை, குழாய், நாற்காலி. 6,200 என்று எழுதிய ட்ரெய்லர் முதல் பயணத்திலேயே 7,200 ஆகிவிடும். அதில் 13 சதவீதம் 936. உங்களிடம் மிச்சம் இருப்பதோ 650.

வெற்று எடை என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட இன்னும் அனுமதிப்பது ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. அந்த எடையில் யாரும் ஒரு ட்ரெய்லரையும் இழுத்துப் போனதில்லை. ட்ரெய்லரின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். சாமான் ஏற்றிய பிறகு அது தொடக்கூடிய உச்ச எடை அது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். மற்றதை மறந்துவிடுங்கள்.

அடுத்து விற்பனையாளர் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும். 'எடை பகிரும் ஹிட்ச் போட்டுத் தருகிறேன், பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை (ஏர்பேக்) வைத்துவிடலாம், கவலையே வேண்டாம்.' எடை பகிரும் ஹிட்ச் நல்ல சாமான். இந்த அளவு ட்ரெய்லருக்கு அவசியமும் கூட. பின் அச்சில் விழும் பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும், கொஞ்சத்தை ட்ரெய்லர் அச்சுக்கும் தள்ளிவிடும். ஸ்டீயரிங் பிடிமானம் திரும்பி வரும். ஆனால் கதவு ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அது ஒரு பவுண்டுகூட உயர்த்தாது. ஏர்பேக் செய்வது அதைவிடக் குறைவு. தாழ்ந்து போன பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். அச்சும் சக்கரமும் டயரும் பிரேக்கும் பழையவைதான். தாழ்ந்து நிற்கும் வண்டி 'பாரம் அதிகம்' என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏர்பேக் அதன் வாயை அடைக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு இதைத் தீர்வு என்று விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

முன்பாரம் அதிகமானால்தான் ஆபத்து, குறைந்தால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சூழ்நிலையில் வண்டி சந்தோஷமாக இருப்பது போலத் தெரியும், உண்மையில் அதுதான் மோசமான நிலை. தண்ணீர்த் தொட்டியைச் சொல்கிறேன். உங்கள் பிக்கப்புக்கு ஏற்ற ஒரு ட்ரெய்லர், ஏற்றிய எடை 6,500, முன்பாரம் 800 என்று வைப்போம். 12 சதவீதத்துக்கு மேல், அருமை. 40 கேலன் தொட்டியை நிரப்புகிறீர்கள். அது 334 பவுண்டு. தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் முன்பாரம் கூடும். பல ட்ரெய்லர்களில் அது அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. அச்சிலிருந்து பந்து 18 அடி முன்னால், தொட்டி 6 அடி பின்னால் என்றால், முன்பாரத்திலிருந்து 111 பவுண்டு கழிந்துவிடும். ட்ரெய்லர் 6,834 ஆகிறது, முன்பாரம் 689 ஆகிறது. பத்து சதவீத விளிம்புக்கு வந்துவிட்டீர்கள். இதோடு பின் பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டி 120 பவுண்டுக்குச் சைக்கிள் ஏற்றினால், அது அச்சிலிருந்து 14 அடி தள்ளி இருப்பதால் இன்னும் 93 போய்விடும். இப்போது ஒன்பது சதவீதம்கூட இல்லை. பிக்கப்பின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும், பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள். நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி கடந்து போகும்போது அடிக்கும் காற்றில் ட்ரெய்லர் ஆட ஆரம்பிக்கும். ஆகவே தொட்டி எங்கே இருக்கிறது என்று கீழே குனிந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அது பின்னால் இருந்தால் நிரப்பாமல் போய், முகாமில் நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பும்போது கழிவுத் தொட்டிகளையும் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆட்டம் வந்துவிட்டால் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்காதீர்கள். வேகம் கூட்டியும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டாஷ்போர்டில் உள்ள பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியைக் கையால் அழுத்துங்கள். ட்ரெய்லர் பிரேக் மட்டும் பிடிக்கும், பின்னாலிருந்து இழுத்து நேராக்கிவிடும். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கண் பார்க்காமல் கை போக வேண்டும். காலியான வாகன நிறுத்தத்தில் பழகிக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் காருக்கு வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டே 30 அடி ட்ரெய்லரை இழுத்துப் போகலாம். ஒரு மணி நேரப் பயிற்சி கூட யாரும் கேட்பதில்லை. அதனால் கற்றுக்கொள்வது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது.

டயரைப் பற்றி ஒன்று. ட்ரெய்லருக்கென்றே செய்யப்படும் டயர்களில் பல மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓட்டச் செய்யப்பட்டவை அல்ல. பிக்கப் 80-இல் சுகமாகப் போகிறது என்பது அவற்றுக்குத் தெரியாது.

என்ன வாங்கலாம்? என் கணக்குப்படி, பின்தட்டுச் சாமான்கள் இருந்த இடத்திலேயே இருந்தால், ஜி.வி.டபிள்யூ.ஆர். 5,000-க்குள் உள்ள ட்ரெய்லர். அந்த 200 பவுண்டை ட்ரெய்லருக்குள் மாற்றி, அதன் அச்சுக்கு மேலாக வைத்தால் 6,500 வரை போகலாம். இந்த ட்ரெய்லர்தான் வேண்டும் என்றால் 1,900-க்குக் குறையாத பேலோடு உள்ள பிக்கப் தேவை. உங்கள் ஸ்டிக்கர் வேறு எண் சொன்னால் இதே கழித்தலை நீங்களே போட்டுப் பாருங்கள். ஹிட்ச் மாட்டும் சட்டத்திலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அது தாங்கும் முன்பாரத்தையும் பாருங்கள்.

வாங்கிய பிறகு சாமான் ஏற்றி, குடும்பத்தோடு, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் உள்ள எடைமேடைக்குப் போங்கள். பிக்கப்பை மட்டும் ஒரு முறை, ட்ரெய்லரை மாட்டி எடை பகிரும் கம்பிகளைப் போடாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை. இரண்டாவது எடைச் சீட்டில் பிக்கப்பின் இரு அச்சுகளின் கூட்டலிலிருந்து முதல் சீட்டின் கூட்டலைக் கழித்தால் உண்மையான முன்பாரம் கிடைத்துவிடும். மூன்றாவது சீட்டில் ஒவ்வோர் அச்சின் எடையையும் கதவுத் தூணில் எழுதியிருக்கும் உச்ச அளவோடு ஒப்பிடுங்கள்.

டீலரிடம் மறுபடி போகும்போது கதவு ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ட்ரெய்லரின் உச்ச எடையில் 13 சதவீதத்தை அவர் முன்னாலேயே கணக்குப் போடச் சொல்லுங்கள். 'அதெல்லாம் பார்க்கத் தேவையில்லை' என்று சொன்னால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பொருத்தமான ட்ரெய்லர் கிடைத்து முன்பணம் கொடுப்பதானால், கிளம்பும் முன் எடைமேடையில் முன்பாரம் அதிகமாக வந்தால் பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.