“கொப்பியில் ஒன்றுமில்லையே, ரீச்சர்?”

கேள்வி: திருகோணமலை நகரத்துக்குச் சற்று வெளியே உள்ள பாடசாலையில் இந்த வருடம்தான் முதல் தடவையாகத் தரம் ஒன்று எடுத்திருக்கிறேன். 31 பிள்ளைகள். “கொப்பியில் ஒன்றுமில்லையே ரீச்சர், நாள் முழுக்க விளையாட்டுத்தானா?” என்று பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வட்ஸ்அப் குழு தொடங்கினேன். அது காலை வணக்கப் படங்களால் நிரம்பி, நான் போடும் செய்தி யார் கண்ணிலும் படுவதில்லை. சில தகப்பன்மார் கடற்தொழிலுக்குப் போகிறவர்கள். சில தாய்மார் வெளிநாட்டில். நாலைந்து வீடுகளில் ஸ்மார்ட் போனே இல்லை. ஒரு தாய் தினமும் இரவில் போன் எடுத்து வீட்டுவேலை கேட்கிறார். வகுப்பில் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள் என்பதை இவர்கள் எல்லோருக்கும் எப்படித் தெரிவிப்பது?

பதில்: கொப்பிக் கேள்வியை முதலில் எடுப்போம். பெற்றோர் அப்படிக் கேட்பதில் பிழையில்லை. வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு வந்து சேருவது கொப்பி ஒன்றுதான், அதைத்தானே அவர்கள் பார்க்க முடியும்? ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோதே தரம் ஒன்றிலும் இரண்டிலும் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் கூடுதல் இடம், எழுத்து வேலைக்குக் குறைந்த இடம் என்று ஆகிவிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் அந்தச் செய்தி பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. போதாததற்கு, தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் இப்போது முதலாம் ஆண்டிலேயே பிடித்துக்கொள்கிறது. முன்பள்ளியில் பக்கம் பக்கமாக எழுதிய பிள்ளை வெறுங்கொப்பியோடு வீட்டுக்கு வந்தால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

இதைத் தீர்க்கக் கூட்டம் கூட்டி “இது தேர்ச்சி மையக் கல்வி” என்று விளக்கம் சொல்ல வேண்டாம். தலையாட்டிவிட்டு, படலைக்கு வெளியே போய் நல்ல ரியூசன் எங்கே என்று விசாரிப்பார்கள். பெற்றோர் அறிய விரும்புவது இரண்டே விஷயம். என் பிள்ளைக்கு இப்போது என்ன செய்ய முடிகிறது? அதை நான் வீட்டில் என் கண்ணாலேயே எப்படிப் பார்ப்பது? வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு வாரமும் அதே நாளில், இந்த இரண்டுக்கும் பதில் போனால் போதும். பாடத்திட்டத்தை ஒப்புவிக்கத் தேவையில்லை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“இந்த வாரம் பிள்ளைகள் பத்துக்குட்பட்ட பொருட்களை எண்ணி எடுக்கப் பழகினார்கள். இன்று இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை கோப்பை வேண்டும் என்று பிள்ளையையே எண்ணி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிழைத்தால் உடனே திருத்த வேண்டாம். ஒருவருக்குக் கோப்பை இல்லை என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.”

அவ்வளவுதான். இதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று முதல் நூறு வரை மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளையிடம், குவியலிலிருந்து ஏழு சிப்பி எடுத்துத் தா என்றால் ஒன்பது எடுத்துத் தரும். வாய் ஒரு வேகத்தில் போகிறது, விரல் இன்னொரு வேகத்தில் போகிறது. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பொருத்துவதும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத் தொகை என்று விளங்கிக்கொள்வதும் தனித் தேர்ச்சிகள். நூறு வரை பாடமாக்கிய பெருமையில் இருக்கும் தகப்பனுக்கு இதை வாயால் சொன்னால் மனம் நோகும். கோப்பை வைக்கும்போது அவரே பார்த்துவிடுவார். அடுத்த நாள் அவர் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்.

தமிழ் எழுத்து விஷயத்தில் இன்னும் கொஞ்சம் முன்கூட்டியே பேச வேண்டும். விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய நாளிலிருந்து வீட்டார் மனத்தில் இருப்பது அ, ஆ, இ, ஈ என்ற வரிசை. நீங்கள் ட, ப, ம என்று வடிவில் எளிய எழுத்துகளிலிருந்து தொடங்கினால், “இன்னும் ‘அ’ கூடப் படிப்பிக்கவில்லை” என்ற கதை ஊரெல்லாம் போய்விடும். தொடங்குவதற்கு முந்தைய வாரமே காரணத்தைச் சொல்லிவிடுங்கள். ‘அ’ எழுதச் சுழி, வளைவு, கோடு எல்லாம் கைக்கு வர வேண்டும். ‘ட’ வுக்கு இரண்டு நேர்கோடு போதும். ட, ப, ம மூன்றோடு புள்ளி வைக்கவும் தெரிந்தால் பிள்ளை படம், மடம், பட்டம் என்று முழுச் சொற்களையே வாசிக்கும். வீட்டில் செய்ய வேண்டியது, கடைப் பலகையிலோ பத்திரிகையிலோ இந்த மூன்று எழுத்தையும் தேடச் சொல்வது. 247 எழுத்தையும் முதலாம் தவணையிலேயே எதிர்பார்க்கும் தகப்பன் ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். அவருக்கும் இந்தத் தேடல் வேலையையே கொடுங்கள்.

கூடவே, எழுத்தையும் எண்ணையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவது இந்த வயதில் சாதாரணம் என்பதையும் ஒரு வாரக் குறிப்பில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் றப்பரும் அடியும்தான்.

இதை எதில் அனுப்புவது? போனில்லாத வீடுகளுக்குத் தனி ஏற்பாடு செய்யாதீர்கள். அந்தப் பிள்ளைகள் வகுப்பில் தனித்துத் தெரிவார்கள். எல்லோருக்கும் துண்டுத் தாள்தான் முதல் வழி. ஓர் ஏ4 தாளில் நான்கு துண்டு, 31 பிள்ளைக்கு எட்டுத் தாள் பிரதி எடுத்தால் போதும். பிள்ளையே தன் கையால் கொப்பியில் ஒட்டட்டும். வெறுங்கொப்பி என்ற பேச்சும் அதோடு அடங்கும் (சின்னத் தந்திரம்தான், பரவாயில்லை).

வட்ஸ்அப் இரண்டாவது. நிர்வாகி மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழுவின் அமைப்பை மாற்றுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அதே குறிப்பை ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவாகப் போடுங்கள். வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கும் அம்மம்மாமாருக்கும் அதுதான் வசதி. வெளிநாட்டிலிருக்கும் தாயும் நேரம் கிடைக்கும்போது கேட்டுக்கொள்வார். நம் இரவு எட்டரை மணி கத்தாரிலும் குவைத்திலும் மாலை ஆறு. பிள்ளையோடு அவர் பேசும் வேளைக்கு முன் குறிப்பு போய்ச் சேர்ந்தால், “சாப்பிட்டாயா” என்பதற்கு மேல் பேச ஒரு விஷயம் கிடைக்கும்: “எத்தனை கோப்பை வைத்தாய், எனக்குக் காட்டு.”

குழுவில் போடக் கூடாதது ஒன்று உண்டு. எந்தப் பிள்ளையின் தனி வேலையையும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், படமெடுத்துப் போடாதீர்கள். ஒரு பிள்ளையின் முத்தான எழுத்து குழுவில் வந்தால், அன்றிரவு மற்ற முப்பது வீட்டிலும் ஏச்சு விழும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

கூட்டம் தவணைக்கு ஒன்று போதும், நேரத்தை ஊரைப் பார்த்து வையுங்கள். இரவில் வலை போட்டு விடியக் கரைக்கு வரும் தகப்பனைப் பின்னேரம் கூப்பிடுவதைவிட, பிள்ளையைக் கொண்டுவந்து விடும் காலை வேளையில் பிடிப்பது சுலபம். தம்பலகாமம் பக்கமென்றால் பெரும்போக அறுவடை நாட்களில் யாரும் வரமாட்டார்கள். கிண்ணியா, மூதூரிலிருந்து இதை வாசிக்கும் ஆசிரியர்கள் தொழுகை நேரத்தையும் பிள்ளைகள் ஓதப் போகும் நேரத்தையும் தவிர்ப்பது நல்லது. கூட்டத்தில் நீங்கள் அதிகம் பேச வேண்டாம். முதல் வாரத்தில் பிள்ளை தன்னைத்தானே வரைந்த படத்தைத் திகதி போட்டு ஒரு கோவையில் வையுங்கள். தவணை முடிவில் அதையே இன்னொரு தடவை வரையச் சொல்லி, இரண்டையும் அந்தந்தப் பெற்றோர் கையில் கொடுங்கள். தலையிலிருந்தே கால் முளைத்த உருவத்துக்கு இப்போது உடம்பும் விரலும் வந்திருக்கும். தன் பிள்ளையின் முந்தைய படத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்கு ஏதோ சிரமம் என்று தெரிந்தால் அது குழுவிலும் இல்லை, துண்டுத் தாளிலும் இல்லை, நேரில்தான். “மந்தம்”, “கவனமில்லை” என்ற தீர்ப்புகளை விட்டுவிட்டு, கண்டதை மட்டும் சொல்லுங்கள். “கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது எழும்பி முன்னுக்கு வருகிறான்.” “பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை.” இப்படிச் சொன்னால் அடுத்து என்ன செய்வது என்பதும் அதிலேயே வந்துவிடும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் ஒன்றுக்கும் உண்டு. அந்த நாளுக்கு முன்பே உங்கள் அவதானிப்புகளை எழுதி வைத்து, வரும் சுகாதார அலுவலர்களிடம் கொடுங்கள். பெற்றோரும் அன்று வந்தால் நல்லது. கண் மங்கலாக இருப்பதால் பின்தங்கும் பிள்ளையைப் படிப்பு வராத பிள்ளை என்று வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பது நம் பக்கம் அபூர்வமல்ல.

அப்புறம், இரவில் போன் எடுக்கும் அந்தத் தாய். வீட்டுவேலை கேட்கிறார் என்றாலும் அவருடைய பயம் வேறு. தன் பிள்ளை பின்னுக்கு நிற்கிறதோ என்பதுதான் அது. அதிபரிடம் கேட்டுவிட்டு, ஒரு காலையில் பதினைந்து நிமிடம் அவரை வகுப்பின் பின்பக்கம் இருத்துங்கள். அவருடைய பிள்ளை கூட்டாளிக்குச் சிப்பி எண்ணிக் கொடுப்பதைப் பார்க்கட்டும். அதன் பிறகு, வாரத்தில் ஒரு நாள் மாலை அரை மணி நேரம் யாரும் அழைக்கலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவியுங்கள். மற்ற நாட்களில் இரவு போன் அடித்தால் எடுக்க வேண்டாம், காலையில் படலையடியில் பேசிக்கொள்ளலாம்.