வலை என்றால் எந்த வலை? தங்கச்சிமடத்திலிருந்து ஒரு போர்டு வியூ கேள்வி

கேள்வி: தங்கச்சிமடத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடல்தண்ணி பட்ட போன்கள்தான் அதிகம் வரும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு ஜிபிஎஸ், ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டரும் வரும். இதுவரை கைப்பழக்கத்தில் ஓட்டிவிட்டேன். இப்போது ஸ்கீமேட்டிக்கும் (சர்க்யூட் வரைபடம்) போர்டு வியூவும் (போர்டில் எந்தப் பாகம் எங்கே என்று காட்டும் படம்) பார்க்கிற மென்பொருள் போட்டிருக்கிறேன். தமிழுக்கு மாற்றினால் 'வலை', 'ஆணி', 'குட்டை', 'வழியாக' என்று வருகிறது. ஆங்கிலத்தில் வைத்தாலும் பாதி புரியவில்லை. எந்தச் சொல்லை முதலில் பிடிப்பது? வேலை பழக வந்திருக்கும் பையனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: முதல் வேலையாக அந்தத் தமிழாக்கத்தை அணைத்துவிடுங்கள். 'குட்டை' என்று வந்தது ஷார்ட், சேரக்கூடாத இரண்டு இடம் சேர்ந்துவிடுவது. 'வழியாக' என்பது வயா. போர்டின் ஓர் அடுக்கிலிருந்து இன்னொரு அடுக்குக்குக் கரண்ட் இறங்குகிற, உள்ளே செம்பு பூசிய துளை. 'வலை' மட்டும் உங்கள் ஊருக்குப் பொருத்தமாக விழுந்திருக்கிறது. முதலில் பிடிக்க வேண்டிய சொல்லும் அதுதான்: நெட்.

நடுவில் எந்தப் பாகமும் குறுக்கிடாமல் செம்பாலேயே சேர்ந்திருக்கிற எல்லாக் கால்களும் (பாகங்களின் பின்கள்) ஒரே நெட். அந்தக் கூட்டம் முழுவதற்கும் ஒரே பெயர். போர்டு வியூவில் ஒரு காலைத் தொட்டால் போர்டின் மறுகோடியில் இருக்கும் கால்களும் சேர்ந்து ஒளிரும். வலையின் தலைக்கயிற்றை ஒரு கோடியில் இழுத்தால் மறுகோடி மிதவையும் ஆடுவது மாதிரி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குறுக்கே ஒரு பாகம் வந்துவிட்டால் நெட் முடிந்தது. அந்தப் பக்கம் வேறு பெயர். ஃபியூஸுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 5 வோல்ட்தான் இருக்கும், ஆனால் மென்பொருளில் இரண்டு நெட். பூஜ்ஜியம் ஓம் ரெசிஸ்டரும் அப்படியே. மீட்டர் 'பீப்' என்கிறது, மென்பொருள் தனித்தனி என்கிறது, எதை நம்புவது என்று பலர் குழம்புகிறார்கள். இரண்டுமே சரி. சொல்லப்போனால் அந்தப் பெயர் மாறும் இடங்கள்தான் உங்களுக்கு வேலை கொடுக்கப்போகும் இடங்கள். சார்ஜிங் ஜாக்கில் 5 வோல்ட் இருக்கிறது, அடுத்த நெட்டில் இல்லை என்றால், நடுவில் நிற்கும் பாகத்தைப் பாருங்கள். முழுப் போர்டையும் தடவ வேண்டியதில்லை.

ஸ்கீமேட்டிக், ஒரு பாகம் எதற்காக இருக்கிறது என்று சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது. போர்டு வியூ அதற்கு நேர்மாறு. ஒன்றில் தொட்டால் இன்னொன்றில் அதே பாகத்தைக் காட்டுவதைத்தான் கிராஸ் புரோபிங் என்கிறார்கள். ஸ்கீமேட்டிக்கில் எல்லாவற்றுக்கும் கோடு இழுத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாலாம் பக்கத்திலும் பதினேழாம் பக்கத்திலும் ஒரே நெட் பெயர் இருந்தால் கோடே இல்லாமல் சேர்ந்ததாகத்தான் பொதுவாக அர்த்தம். இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டு போனாலும் புள்ளி இல்லையென்றால் அவை சேரவில்லை.

பாகங்களின் முன்னெழுத்து உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்: சி கெப்பாசிட்டர், ஆர் ரெசிஸ்டர், எல் காயில், யூ என்றால் ஐசி, க்யூ டிரான்சிஸ்டர், ஜே கனெக்டர். 'ஆணி' மட்டும் ஒரு சுவாரசியமான சொல். தொழிற்சாலையில் போர்டைச் சோதிக்க, ஊசிகள் வரிசையாக நட்ட ஒரு படுக்கையின் மேல் அதை அழுத்துவார்கள். அந்த ஊசி தொடுகிற இடங்களின் பட்டியலே கோப்பில் 'நெயில்' என்று இருக்கிறது. உங்களுக்கு அது மீட்டர் முனை வைக்க வசதியான பேட் (போர்டில் வெளியே தெரியும் உலோகத் திட்டு), அவ்வளவுதான்.

கடல்தண்ணி போனில் அதிகம் ஏமாற்றுவது டிஎன்பி என்ற குறி. சில வரைபடங்களில் 'நோ ஸ்டஃப்' என்று இருக்கும். அந்த இடத்தில் பாகமே வைக்கவில்லை என்று பொருள். உங்கள் பக்கத்தில் காலியான பேடைப் பார்த்ததும் உப்பு தின்றுவிட்டது என்றுதான் கை நினைக்கும். நானே ஒருமுறை இப்படி வைக்கவே வேண்டாத இடத்தில் தேடிப்பிடித்து ஒரு கெப்பாசிட்டரை ஒட்டி ஒரு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன். அரிப்பில் போன இடமென்றால் பெரும்பாலும் பேட் கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். சுத்தமாக மின்னுகிறதென்றால் முதலில் ஸ்கீமேட்டிக்கைத் திறங்கள். ஐசி காலில் வரும் என்சி வேறு. எதோடும் சேர்க்காமல் விட்ட கால். ரிலே பக்கத்தில் அதே என்சி 'வழக்கமாக மூடியிருப்பது' என்றாகிவிடும். படகு சாமான் பார்க்கும்போது இது உதவும்.

நெட் பெயரின் வாலில் எல் அல்லது என் தொங்கினால், அல்லது பெயருக்கு மேல் கோடு இருந்தால், அது பெரும்பாலும் பூஜ்ஜியத்தில் வேலை செய்யும் சிக்னல். 'ரீசெட் எல்' என்ற நெட்டில் பூஜ்ஜியம் வோல்ட் இருந்தால் ரீசெட் அழுத்திப் பிடித்தபடி இருக்கிறது, ஐசி எழுந்திருக்காது. பவர் வரவில்லை என்று அதை ஷார்ட்டாக நினைத்து ஐசியைக் கழற்றியவர்கள் உண்டு.

இனி ஷார்ட். ஒரு மெயின் பவர் நெட்டைத் தொட்டால் டஜன் கணக்கில் கெப்பாசிட்டர்கள் ஒளிரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கால் அந்த நெட்டில், மறுகால் கிரவுண்டில் (போர்டின் பொது மைனஸ்). அதில் ஒன்று உள்ளே ஷார்ட்டானாலும் எல்லாவற்றிலும் மீட்டர் கத்தும், ஏனென்றால் மீட்டருக்கு அவை எல்லாம் ஒரே இடம். ஒவ்வொன்றாகக் கழற்றாதீர்கள். பெஞ்ச் சப்ளையிலிருந்து (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் மேசைப் பவர் சப்ளை) அந்த நெட்டின் சொந்த வோல்டேஜைத் தாண்டாமல், 1 வோல்ட் அளவில் தொடங்கிக் கொடுங்கள். மேலே ஐசோபுரோபைல் ஆல்கஹால் தடவியிருந்தால் சூடாகிற பாகத்தின் மேல் அது முதலில் காயும்.

அதற்கு முன் போர்டைக் கழுவிக் காயவைத்துவிட வேண்டும். காய்ந்த உப்பு காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். மீட்டரை டயோடு மோடில் (சிறு கரண்ட் விட்டு வோல்டேஜ் இறக்கத்தைக் காட்டும் நிலை) வைத்தால் எண் நிற்காமல் ஆடும். அது ஷார்ட்டும் அல்ல, ஓபனும் (இணைப்பு அறுந்தது) அல்ல, கசிவு. பாம்பன் பக்கத்துக் காற்றில் தண்ணீரில் விழாத போனிலும் இதைப் பார்க்கலாம். டயோடு மோடில் சிவப்பு முனை கிரவுண்டில், கறுப்பு முனை நெட்டில். வந்த எண்ணை நல்ல போர்டின் அதே நெட்டோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு.

படகு எக்கோ சவுண்டருக்கு இந்தக் கோப்புகள் அநேகமாகக் கிடைக்காது. ஏப்ரல் 15இல் தொடங்கி 61 நாள் தடைக்காலத்தில் அவை வரும்போது, நல்லதாக ஒன்று கைக்கு வந்தால் கனெக்டர் கால்களின் டயோடு எண்களை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

பையனுக்கு நெட், பேட், வயா எல்லாம் அப்படியே இருக்கட்டும், தமிழாக்க வேண்டாம். ஒரு பழைய போர்டைக் கொடுத்து, சார்ஜிங் ஜாக்கிலிருந்து பேட்டரி கனெக்டர் வரைக்கும் நெட் பெயர் எத்தனை முறை மாறுகிறது, ஒவ்வொரு முறையும் நடுவில் எந்தப் பாகம் நிற்கிறது என்று எழுதிவரச் சொல்லுங்கள். போர்டைத் திருப்பிப் பார்க்கும்போது மென்பொருளிலும் திருப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடிப்பக்கம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் தெரியும், இடப்பக்கப் பாகத்தை வலப்பக்கம் தேடிக்கொண்டிருப்பான்.